டாவின்சி ரிசால்வ்: ஒரே எஃபெக்ட், ஊர்ப்பட்ட கிளிப்

திருத்துறைப்பூண்டிப் பக்கம் கல்யாண வீடியோ எடுக்கும் தம்பி ஒருவன், வீடியோ எடிட் செய்யும் சாஃப்ட்வேரான டாவின்சி ரிசால்வ் பற்றிக் கேட்டான்: "அண்ணே, ஒரு கிளிப்புக்குப் போட்ட ஆடியோ எஃபெக்ட்ட மத்த எல்லாத்துக்கும் ஒரேடியா போட முடியுமா? ரிசால்வ்ல வருமா?" வரும். ஆனால் அவன் நினைக்கிற வழியில் போனால் தை மாத முகூர்த்தம் வைகாசி வரை எடிட்டிலேயே கிடக்கும்.

அவன் நினைக்கிற வழி இது: எஃபெக்ட் போட்ட கிளிப்பைக் காப்பி செய்து, மற்ற கிளிப்புகளை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஆல்ட்-வி. பேஸ்ட் ஆட்ரிபியூட்ஸ் என்று ஒரு பெட்டி திறக்கும், வேண்டியதற்கு டிக் போட்டால் வேலை முடிந்தது. வால்யூமுக்கும் சேர்த்து டிக் விழுந்தால் மட்டும் கிளிப் கிளிப்பாக ஏற்றி இறக்கி வைத்த அளவெல்லாம் போச்சு. நிஜமான தலைவலி மறுநாள் வரும். பெண் வீட்டுப் பெரியவர் வந்து பார்த்துவிட்டு, "ஐயர் சொல்ற மந்திரமே காதுல விழலையேப்பா" என்பார். ஒரு கிளிப்பில் ஈக்யூவை, அதாவது கனத்த ஒலி, கீச்சு ஒலிகளைத் தனித்தனியாக ஏற்றி இறக்குவதை, திருத்துவோம். மற்றவை அசையாது. ஒட்டியது வெறும் நகல். மூலத்தில் என்ன மாறினாலும் அதற்குத் தெரியாது. மறுபடி காப்பி, மறுபடி ஆல்ட்-வி.

எனக்கு இந்த சாஃப்ட்வேர் பிடித்துப்போனது வேறு இடத்தில். எஃபெக்ட்டைக் கிளிப்பில் போடாமல் ட்ராக்கிலேயே, அதாவது டைம்லைனில் கிளிப்புகளை அடுக்கும் வரிசையிலேயே, போடலாம். மிக்ஸரில் ஒவ்வொரு ட்ராக்குக்கும் ஈக்யூ, ஏறி இறங்கும் சத்தத்தைச் சமன் செய்யும் கம்ப்ரஸர், ஓர் அளவுக்கு மேல் சத்தம் போகாமல் தடுக்கும் லிமிட்டர் எல்லாம் கூடவே வருகின்றன. அந்த ட்ராக்கில் எந்தக் கிளிப்பைப் போட்டாலும் அதன் வழியாகத்தான் போயாக வேண்டும். வயல் வயலாகக் குடத்தில் சுமந்து ஊற்றுவதற்கும் மடையைத் திறந்துவிடுவதற்கும் உள்ள வித்தியாசம்.

இதற்காக டைம்லைன் அடுக்கும் முறையையே மாற்றிக்கொண்டேன். நலங்கு, மாப்பிள்ளை அழைப்பு, முகூர்த்தம் என்று வரிசை எப்படி வந்தாலும் ஆடியோ இப்போது மைக் வாரியாகத்தான். ஐயரின் காலர் மைக் ஒரு ட்ராக், மேளம் ஒன்று, கேமரா மைக்கில் விழுந்த கூட்டச் சத்தம் ஒன்று, பாட்டு தனி. பாட்டு தவறிப்போய் மேள ட்ராக்கில் விழுந்தால் கழுத்தை நெரித்த மாதிரி கேட்கும், உடனே தெரிந்துவிடும்.

மேள ட்ராக்கில்தான் என் உயிரே இருக்கிறது. நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள், சந்தோஷம். ஆனால் அது சாமி புறப்பாட்டுக்கு வீதியில் வாசிக்கிற வாத்தியம். டைல்ஸ் ஒட்டிய சின்ன மண்டபத்தில் 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் காதைக் குடையும். அங்கே கொஞ்சம் இறக்குவேன். தவிலுக்காகக் கம்ப்ரஸரின் அட்டாக்கை, அதாவது அது அமுக்கத் தொடங்கும் நேரத்தை, சற்றுத் தாமதமாக வைப்பேன். இல்லாவிட்டால் விரலில் கூடு மாட்டி வலந்தலையில் அடிக்கிற அடி மொத்தையாகிவிடும். கடைசியில் லிமிட்டர், கெட்டிமேளத்துக்காகவே. (ரெக்கார்டரிலேயே சத்தம் உடைந்து பதிவாகியிருந்தால் எந்த லிமிட்டரும் காப்பாற்றாது.) இதையெல்லாம் ரிசால்வின் ஆடியோ பக்கமான ஃபேர்லைட்டில் ப்ரீசெட்ஸ் லைப்ரரியில் பெயர் போட்டு வைத்துக்கொண்டால் அடுத்த கல்யாணத்தையும் அங்கிருந்தே ஆரம்பிக்கலாம். மண்டபத்துக்குத் தக்கபடி அப்புறம் கை வைக்க வேண்டியதுதான்.

ஃபேர்லைட் என்பது 1975இல் சிட்னியில் ஆரம்பித்த தனிக் கம்பெனி. 2016இல் ரிசால்வைச் செய்யும் பிளாக்மேஜிக் அதை வாங்கி, மறு வருஷமே ரிசால்வ் 14க்குள் தனிப் பக்கமாகக் கொண்டுவந்தது. ஆடியோ தெரிந்தவன் செய்த வேலை என்பது மிக்ஸரைத் திறந்ததுமே தெரியும்.

இனி எரிச்சல். இரைச்சல் நீக்கம். கரண்டு ஹம், அதாவது மின்சார லைனின் உறுமல் என்றால் கவலையில்லை. நம் ஊரில் எந்த மண்டபத்திலும் 50 ஹெர்ட்ஸ்தான், அதை நீக்கும் டி-ஹம்மரை ட்ராக்கில் போட்டுவிட்டுப் போகலாம். நாய்ஸ் ரிடக்ஷன் அப்படியில்லை. 'லேர்ன்' அழுத்தி, யாரும் பேசாத ஓரிரு விநாடியைக் கேட்க விட்டால், அது படிப்பது அந்த நேரத்து ஃபேனை. கரண்டு போய் ஜெனரேட்டர் போட்ட பிறகு எடுத்த கிளிப்பிலும் அதையே ஒட்டினால் ஜெனரேட்டர் ஜம்மென்று உட்கார்ந்திருக்கும், ஐயர் குரல் மட்டும் கெட்டுப்போகும். ஆக இது ஒன்றை மட்டும் கிளிப் கிளிப்பாகத்தான் செய்ய வேண்டும். இடத்துக்கு இடம் மாறுகிற இரைச்சலுக்கு சாஃப்ட்வேர் என்ன செய்யும் என்று நியாயம் பேசலாம்தான். ராத்திரி ஒரு மணிக்கு அந்த நியாயம் என் வாயில் வராது. இதற்கு ஓரளவு கை கொடுக்கும் வாய்ஸ் ஐசொலேஷன் (குரலை மட்டும் பிரித்தெடுப்பது) ரிசால்வின் காசு கொடுத்து வாங்கும் ஸ்டூடியோ பதிப்பில்தான் உண்டு. விலை 295 டாலர். ஒரு தடவை கட்டினால் போதும் என்பார்கள். அந்த ஒரு தடவைக்கு எங்கே போவது?

ஆக தம்பி, உனக்கு இது வேண்டாம். 16 ஜிபி ராம் கேட்கிற சாமான் இது. உன் 8 ஜிபி லேப்டாப்பில் திறப்பதற்குள் பந்தி முடிந்து பாய் சுருட்டிவிடுவார்கள். ட்ராக்கில் எஃபெக்ட் போடுவது கேடென்லைவிலும் உண்டு, ஷாட்கட்டிலும் உண்டு, இரண்டும் இலவச எடிட்டிங் சாஃப்ட்வேர். அதில் மைக் வாரியாக அடுக்கிப் பழகு. நான் இதை விடப்போவதில்லை, அது வேறு விஷயம். இந்த வாரம் ஜெனரேட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். அடுத்த வாரம் கேட்டிருந்தால் ராம் வாங்கிப் போடுடா என்றுகூடச் சொல்லியிருப்பேன்.