இடது கை நைலான் கிட்டார் வாங்கப் போகிறீர்களா? 14 மேடைகளின் சம்பளத்தைத் தொலைத்தவன் எழுதுகிறேன்

கோபத்தில் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 14 மேடைகளில் வாசித்துச் சேர்த்த பணம் அத்தனையையும் ஒரு வாத்தியக் கடையில் கொட்டிவிட்டேன். இணையத்தில் படம் போட்டு ஆர்டர் எடுக்கும் வகைக் கடை அது. இடது கை நைலான் தந்தி கிட்டார் என்ற பெயரில் வீட்டில் இப்போது ஒரு மரப்பெட்டி கிடக்கிறது. எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

வலது கைக்காரர்கள் கடைக்குப் போனால் பத்து கிட்டார்களை மடியில் வைத்துப் பார்த்து ஒன்றைப் பொறுக்குவார்கள். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எஃகுத் தந்தியிலாவது ஒன்றிரண்டு கண்ணில் படும். நைலான் தந்தி, அதிலும் மேடைக்காகப் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புவது) பொருத்தியது, அதிலும் இடது கைக்கு என்றால் குதிரைக் கொம்புதான். எலக்ட்ரிக் கிட்டாரின் காந்தப் பிக்கப்பை வாங்கி மாட்டிக்கொள்ளவும் வழியில்லை, காந்தத்துக்கு நைலான் பிடிபடாது. தந்திகள் ஏறி உட்காரும் சேடிலுக்கு அடியில், அழுத்தத்தை மின்சாரமாக்கும் பியெசோ பட்டை வேண்டும். இல்லையென்றால் மைக்கை நம்பிக் காலம் தள்ள வேண்டும். அப்படிப்பட்டவன் கண்ணில் அந்தப் படம் பட்டால் என்ன ஆகும்? கட்டவே, அதாவது விரல் எட்டுவதற்காகக் கழுத்தை ஒட்டி உடலில் வெட்டிய வளைவு, சரியான பக்கத்தில் இருந்தது. பிக்கப்பின் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ப்ரீஆம்ப்பும் சரியான பக்கத்தில் இருந்தது. தந்தியின் நீளம் 650 மி.மீ., நட்டின் (தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும், பள்ளம் வெட்டிய பட்டை) அகலம் 48 மி.மீ. வழக்கமான 52 மி.மீ. கழுத்தைவிட ஒடுக்கம், நின்றுகொண்டு வாசிக்கத் தோதானது.

அப்போதும் உடனே பணம் கட்டிவிடவில்லை. போன் செய்தேன். "இடது கைக்கென்றே செய்ததா, வலது கை கிட்டாரில் தந்தியை மாற்றிக் கட்டியதா?" என்று பச்சையாகவே கேட்டேன். மறுமுனையில் ஒரு சிரிப்பு. "சார், நானும் இடது கைக்காரன்தான். அந்தக் கஷ்டம் எனக்குத் தெரியாதா?"

அந்த ஒரு வார்த்தையில் விழுந்தேன். அதற்குப் பிறகு கிட்டாரைப் பற்றி நான் எதுவுமே கேட்கவில்லை. கத்தரிக்கோல் நமக்கு வெட்டாது என்று பேசினோம். வலது பக்கம் பலகை வைத்த நாற்காலியில் உடம்பை முறுக்கிக்கொண்டு பரீட்சை எழுதியதைப் பேசினோம். சொந்தக்காரனைக் கண்டுபிடித்த மாதிரி இருந்தது. போனை வைத்த கையோடு முழுப் பணத்தையும் அனுப்பினேன். புதியது வருகிற தைரியத்தில் பழைய கிட்டாரையும் விற்றுவிட்டேன்.

பெட்டி வந்தது. மடியில் வைத்ததுமே தெரிந்துவிட்டது. கீழே இருக்க வேண்டிய கட்டவே மேலே ஏறி என் முகவாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. ப்ரீஆம்ப் கீழே தொடைப் பக்கம் இருந்தது. கழுத்தின் விளிம்பில் ஃபிரெட்டுகளை (கழுத்தின் குறுக்கே பதித்த கம்பிகளை) அடையாளம் காட்டும் வெள்ளைப் புள்ளிகள், வாசிப்பவன் குனிந்தால் தெரிவதற்காக இருப்பவை, தரையைப் பார்த்தபடி இருந்தன. அசல் வலது கை கிட்டார். தந்திகளை மட்டும் வரிசை மாற்றிக் கட்டியிருந்தார்கள்.

அப்படியானால் அந்தப் படம்? மறுபடி திறந்து பெரிதாக்கினேன். சற்றுப் பக்கவாட்டில் எடுத்த படம். ப்ரீஆம்ப்பின் பேட்டரி மூடியில் 9 என்ற எண் ஆங்கில 'P' எழுத்தைப் போல நின்றது. படத்தையே இடவலமாகப் புரட்டிப் போட்டிருக்கிறார்கள்! கிட்டாரின் தலையில் பெயர் எழுதிய இடம் படத்தில் வெட்டுப்பட்டிருந்ததன் காரணமும் அப்போதுதான் உறைத்தது.

போன் செய்தேன். "புது நைலான் தந்தி சார், சில நாள் இழுபடும், அப்புறம் படிந்துவிடும்." நான் கட்டவேயைச் சொன்னால் அவர் தந்தியைச் சொல்கிறார். இரண்டாவது முறை, "ஜிமி ஹென்ட்ரிக்ஸே வலது கை கிட்டாரைத் திருப்பித்தானே வாசித்தார்?" என்றார். வாசித்தார், எலக்ட்ரிக் கிட்டாரில். அதில் தந்திக்கு ஒரு சேடில். திருகினால் ஏறும், இறங்கும், நகரும். என்னுடையதில் இருப்பது ஒரே எலும்புத் துண்டு. நட்டில் ஆறாம் தந்திக்கு வெட்டிய பள்ளத்தில் 0.7 மி.மீ. முதல் தந்தி கிடந்து ஆடுகிறது. முதல் தந்தியின் பள்ளத்திலோ 1.1 மி.மீ. ஆறாம் தந்தி இறங்க முடியாமல் தொற்றிக்கொண்டிருக்கிறது. ஹென்ட்ரிக்ஸைத் தெரிந்தவருக்கு இது தெரியாதாம். மூன்றாவது முறை, மேனேஜர் வெளியே போயிருக்கிறார் என்று பதில் வந்தது. அந்த மேனேஜர் இன்றுவரை உள்ளே திரும்பவில்லை.

இதற்கிடையில் ஒப்புக்கொண்ட நிகழ்ச்சி வந்துவிட்டது. வேறு கிட்டார் இல்லை, இதோடுதான் மேடை ஏறினேன். இரண்டாவது பாட்டின் நடுவில் சத்தம் அப்படியே அடங்கியது. ஒலி அமைப்பாளர் கேபிளை மாற்றினார், கிட்டாரை ஒலி அமைப்போடு இணைக்கும் டி.ஐ. பெட்டியை மாற்றினார். கடைசியில் பார்த்தால் என் தொடை உரசி உரசி ஒலியளவு ஸ்லைடர் பூஜ்யத்துக்குப் போயிருந்தது! கூட்டினால் 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் உறுமல். பெட்டிக்குள் இருக்கும் காற்று அந்த இடத்தில்தான் அதிரும். கூடுள்ள நைலான் கிட்டார் எல்லாவற்றுக்கும் உள்ள தொல்லைதான் அது, அதற்குக் கடைக்காரரைக் குற்றம் சொல்லமாட்டேன். ஆனால் அதை அடக்க ஒலியலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் பொத்தானை அழுத்தலாமென்றால் கிட்டாரைக் கவிழ்த்துப் பிடிக்க வேண்டியிருந்தது. இத்தனைக்கும் நடுவில் 3, 4ஆம் தந்திகள் ஸ்பீக்கரில் கேட்கவே இல்லை.

பழுதுபார்ப்பவர் தந்திகளைத் தளர்த்திச் சேடிலை உருவினார். அடியில், ஒரு ஓரத்தில், நான்காக மடித்த அட்டைத் துண்டு. மாத்திரைப் பெட்டியின் அட்டை. சாய்வாகச் சீவிய சேடிலில் தடித்த தந்திகள் தாழ்ந்த பக்கத்துக்கு வந்துவிட்டதால் முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு முனை தூக்கிக்கொள்ள, சேடிலின் நடுப்பகுதி பியெசோ பட்டையைத் தொடவில்லை. அழுத்தமே இல்லாத இடத்தில் ஒலி எங்கிருந்து வரும்? "நட்டும் சேடிலும் புதிதாகச் செய்து தருகிறேன், தம்பி. கட்டவேயை என்ன செய்வது?" என்றார்.

இன்று காலை நேரிலேயே போனேன். போனில் பேசிய அதே குரல்தான் எதிரே.

"இடது கை வாத்தியமெல்லாம் சிறப்பு ஆர்டர் சார். திருப்பி எடுப்பதில்லை."

"இது இடது கை வாத்தியமே இல்லையே!"

"நீங்கள் இடது கையால்தானே வாசித்தீர்கள்?"

சொல்லிக்கொண்டே என் பில்லை வாங்கி, 'திருப்பி எடுக்கப்படாது' என்று அதில் எழுதினார். வலது கையால். எழுத மட்டும் சிறுவயதில் பழக்கிவிட்டார்கள் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால்கூட நம்பியிருப்பேன். அதற்கும் அவர் மெனக்கெடவில்லை. 14 மேடைகளின் சம்பளம் வாங்கியவர்!

விரிவாகச் சொல்வதாகச் சொன்னேன், இப்போது முடியவில்லை. படத்தில் எழுத்துகளையும் எண்களையும் பெரிதாக்கிப் பாருங்கள். வீடியோ கேளுங்கள், அதில் ஒருவர் கிட்டாரை இடது கை முறையில் மடியில் வைத்து ப்ரீஆம்ப்பைத் தொட்டுக் காட்டட்டும். 'இடது கைக்கென்று செய்தது' என்று எழுத்தில் வாங்குங்கள், போனில் வேண்டாம். ஸ்பீக்கரில் இணைத்து ஆறு தந்திகளையும் ஒவ்வொன்றாக மீட்டிக் கேட்காமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். பழைய கிட்டாரை விற்காதீர்கள்.

அடுத்த நிகழ்ச்சிக்கு நண்பரின் இடது கை எஃகுத் தந்தி கிட்டாரைக் கேட்டிருக்கிறேன். நான் வாங்கியதில் உருப்படியாகத் தேறியது அந்த 9 வோல்ட் பேட்டரி ஒன்றுதான். அதுவும் பாதி தீர்ந்தது.