பழைய ஜிஎஸ்எம் டெஸ்டரில் பி.இ.ஆர். சோதனை: பல வருட உபயோகத்தில் தெரிய வந்தவை

டவர் போல நடித்து போனைச் சோதிக்கும் சிஎம்யூ200, 8960 மாதிரியான ரேடியோ டெஸ்டர்கள் பழசாகிவிட்டன. ஆனாலும் 2ஜி பட்டன் போன்களைச் சோதிக்கும் மேசைகளில் அவற்றுக்கு இன்னும் வேலை இருக்கிறது. பிட் பிழை விகிதம், அதாவது போனுக்கு அனுப்பித் திரும்பி வந்த பிட்களில் எத்தனை சதவீதம் தப்பு என்று சொல்லும் பி.இ.ஆர்., எகிறினால் பலரும் முதலில் போனைப் பிரிப்பார்கள், அடுத்து டெஸ்டரைக் கேலிபிரேஷனுக்கு அனுப்புவார்கள். இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் கேபிள், கனெக்டர், பவர் சப்ளை, ஷீல்டு பாக்ஸ் (வெளி சிக்னலைத் தடுக்கும் உலோகப் பெட்டி) ஆகியவற்றை யாரும் தொடுவதில்லை. கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

போன் தோற்றால் செய்ய வேண்டிய முதல் வேலை, டெஸ்டர் போனுக்கு அனுப்பும் சிக்னல் லெவலை, சோதனைக்கான −102 டிபிஎம்மிலிருந்து (டிபிஎம் என்பது 1 மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபல்) −85க்கு ஏற்றிப் பார்ப்பது. அங்கே வகுப்பு 2 பிழை (பிழை திருத்தக் காப்பு இல்லாத பிட்களின் பிழை) சுத்தமாக 0 என்று வர வேண்டும். கணக்கு எளிது. 200 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் வெப்ப இரைச்சல் சுமார் −121 டிபிஎம். போனின் முன்பகுதி 9 டிபி இரைச்சல் சேர்த்தால் −112. டிகோடருக்கு ஏறக்குறைய 9 டிபி மேலே வேண்டும் என்பதால் எல்லை −103 பக்கம் வந்து நிற்கிறது. −85 என்பது அதற்கு 18 டிபி மேலே. அங்கேயும் பிழை வந்தால் அது உணர்திறன் பிரச்சினையே இல்லை, ரிசீவரை நோண்டுவது வீண்.

−85இல் 50 சதவீதம் வந்தால் லூப் (போன் தான் பெற்ற பிட்களை அப்படியே திருப்பி அனுப்பும் நிலை) மூடவில்லை, அல்லது டெஸ்டர் தவறான ஃபிரேமோடு ஒப்பிடுகிறது. சம்பந்தமில்லாத இரண்டு பிட் வரிசைகளை ஒப்பிட்டால் பாதி பொருந்தும், பாதி பொருந்தாது. டெஸ்ட் சிம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். லூப்பை மூடும் கட்டளைக்கு டெஸ்ட் சிம் இருந்தால்தான் போன் பணியும் என்பது விதி. சாதாரண சிம்மோடு போன் கால் நன்றாகவே இணைந்திருக்கும், லூப் மட்டும் மூடாது. சிம் சரி என்றால் லூப் தாமதத்தைக் கைமுறையாகக் கொடுத்திருக்கிறீர்களா என்று பார்த்து, தானாக அளக்கும்படி மாற்றுங்கள். போன் கால் ஏஎம்ஆரில் (வேறொரு பேச்சு கோடெக்) போய்விட்டிருந்தால் பழைய ஃபுல் ரேட் கோடெக்குக்குக் கொண்டு வாருங்கள். டிடிஎக்ஸ் (பேச்சில்லாதபோது அனுப்பாமல் விடுவது), ஹாப்பிங் (சேனல் மாறிக்கொண்டே இருப்பது) இரண்டையும் அணைத்துவிடுங்கள்.

−85இல் 0.1, 0.5 என்று சிறு பிழை ஒட்டிக்கொண்டு போகாமல் நின்றால் அப்லிங்க்கை, அதாவது போனிலிருந்து டெஸ்டருக்குத் திரும்பும் பாதையைப் பாருங்கள். இது பலருக்கும் மறந்துபோகிற இடம். இந்தச் சோதனையில் பிட்கள் போனுக்குப் போய்த் திரும்பி வருகின்றன, வழியில் எங்கே கெட்டாலும் பழி ரிசீவர் தலையில்தான் விழும். போனின் பவர் லெவலை 5க்கு, அதாவது 33 டிபிஎம்முக்கு ஏற்றி, டெஸ்டர் எதிர்பார்க்கும் உள்ளீட்டு லெவலையும் அதற்கேற்ப வைத்து, ஃபேஸ் பிழையை ஒருமுறை அளந்துவிடுங்கள்.

முழு பவரில் பிழை கூடி, குறைந்த பவரில் மறைந்தால் சப்ளையைச் சந்தேகிக்கலாம். ஜிஎஸ்எம் பர்ஸ்ட் (போன் ஒரு தடவை அனுப்பும் துண்டு) 577 மைக்ரோ நொடிதான். ஆனால் அந்த நேரத்தில் போன் 2 ஆம்பியர் வரை இழுக்கும், 4.615 மில்லி நொடிக்கு ஒருமுறை இழுத்துக்கொண்டே இருக்கும். போய்வரும் ஒயரும் கிளிப்பும் சேர்ந்து 0.2 ஓம் என்றால் 0.4 வோல்ட் போச்சு. சப்ளையின் மீட்டரில் இது தெரியாது, அது சராசரியைத்தான் காட்டும். ஸ்கோப்பை போனின் பேட்டரி முனையிலேயே வைத்துப் பார்க்க வேண்டும். தடித்த குட்டையான ஒயர், சென்ஸ் ஒயர் (முனையின் வோல்டேஜை சப்ளைக்குச் சொல்லும் ஒயர்) இருந்தால் அதையும் போன் முனை வரை, பக்கத்தில் 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். யுஎஸ்பி சார்ஜரையும் கம்ப்யூட்டர் கேபிளையும் கழற்றிவிட்டு நிஜ பேட்டரியில் ஒருமுறை அளந்தால் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

−85இல் சுத்தமாக வந்து −102இல் மட்டும் தோற்றால்தான் டிபி கணக்குக்கு வர வேண்டும். கேபிள் இழப்பை டெஸ்டரில் வெளியீட்டுக்குத் தனியாக, உள்ளீட்டுக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். உள்ளீட்டுக்கு மட்டும் கொடுத்துவிட்டு மறந்தால் போனின் பவர் சரியாகத் தெரியும், ஆனால் போனுக்குப் போகிற சிக்னல் அந்த இழப்பு அளவுக்குக் குறைந்தே போகும். 900க்கும் 1800க்கும் ஒரே எண்ணைப் போடுவதும் தவறு, அலைவரிசை ஏறினால் இழப்பும் ஏறும். போர்டிலிருக்கும் சுவிட்ச் கனெக்டரில் புரோப் கொஞ்சம் சாய்ந்தாலே சில டிபி காணாமல் போகும். கேபிளைக் கையால் ஆட்டும்போது எண் துள்ளினால் அதைத் தூக்கி எறிவது நல்லது, டேப் சுற்றிச் சமாளிப்பதில் பயனில்லை. பித்தளை எஸ்எம்ஏ கனெக்டருக்கு 0.56 நியூட்டன் மீட்டர் டார்க் ரென்ச் போதும், கட்டிங் பிளேயர் வேண்டாம். போன் பக்கம் 3 அல்லது 6 டிபி பேட் (சிக்னலைக் குறைக்கும் அட்டெனுவேட்டர்) வைத்தால் பொருந்தாமையால் வரும் அலைச்சல் அடங்கும். 2 வாட் வருகிறதே என்று பயப்பட வேண்டாம், எட்டு நேரத் துண்டில் ஒரு ஸ்லாட்டில்தான் அனுப்புகிறது என்பதால் சராசரி கால் வாட்தான். பேட்டின் இழப்பையும் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள். ஆன்டெனா கப்ளர் (கேபிள் இல்லாமல் ஆன்டெனா வழியாக இணைக்கும் சாதனம்) வைத்து உணர்திறனுக்குத் தீர்ப்பு சொல்லக் கூடாது. போன் சில மில்லிமீட்டர் நகர்ந்தாலே எண் மாறிவிடும்.

சில சேனல்களில் மட்டும் தோற்றால் அதுவே பெரிய துப்பு. 13 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தின் 72ஆம், 73ஆம் மடங்குகள் 936, 949 மெகாஹெர்ட்ஸ். இவை சேனல் 5, 70. 1800 பட்டையில் 521, 586, 651 என்று 65 சேனலுக்கு ஒன்றாக இதேபோல் மாட்டும். 5இல் தோற்று 70இல் தேறினால் 26 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் பக்கம் பாருங்கள், அதன் மடங்கில் 949 வராது. ஷீல்டு கேன் சரியாக உட்காராத போர்டுகளில் இது அடிக்கடி வரும். தோற்கும் சேனல்களுக்கு இப்படி ஓர் ஒழுங்கு இல்லாமல், பகலில் தோற்று இரவில் தேறினால், வெளியே ஓடும் நிஜ நெட்வொர்க் உள்ளே கசிகிறது. இந்தியாவில் 900 பட்டையில் 2ஜி இன்னும் காற்றில் இருக்கிறது. அதே சேனலில் −111 டிபிஎம் நுழைந்தாலே 9 டிபி இடைவெளி தீர்ந்துவிடும். ஷீல்டு பாக்ஸின் கதவு கேஸ்கெட்டைத் துடைத்துப் பாருங்கள். அதோடு ஃபில்டர் இல்லாமல் உள்ளே நுழையும் ஒயர் ஏதாவது இருக்கிறதா என்றும் தேடுங்கள்.

எண்ணை வாசிப்பதிலும் வழுக்கல் உண்டு. பேச்சு ஃபிரேமில் 260 பிட்: காப்பு உள்ளவை 50ம் 132ம், காப்பே இல்லாத வகுப்பு 2 பிட்கள் 78. ஏ லூப் என்ற லூப் வகையில் கெட்ட ஃபிரேம்கள் கணக்கிலிருந்து நீக்கப்படுவதால் மிச்சமிருக்கும் பிழை அழகாகவே தெரியும். பக்கத்தில் ஃபிரேம் இழப்பு எண்ணைப் பார்க்காமல் தேர்ச்சி என்று எழுதக் கூடாது. சி லூப் (டிகோட் செய்யாமல் பர்ஸ்ட் பிட்களை அப்படியே திருப்பும் வகை) வேகமானது, நொடிக்கு 22,800 பிட். அது தரும் எண் வகுப்பு 2 எண்ணை ஒட்டியே வர வேண்டும், இரண்டுமே திருத்தப்படாத பிட்கள்தானே. வெகுதூரம் விலகினால் அமைப்பில் எங்கோ தப்பு.

நிலையான சிக்னலில் வகுப்பு 2க்கான சோதனை வரம்பு 2.439 சதவீதம். விசித்திரமான இந்த எண், 8200 பிட்டில் 200 பிழை என்ற கணக்கிலிருந்து வருகிறது. நொடிக்கு 3900 பிட் என்பதால் 2 நொடி கொஞ்சம் தாண்டும். அவசரத்தில் 1000 பிட்டோடு நிறுத்தினால் அதே போன் ஒருமுறை 2.0, மறுமுறை 2.9 என்று ஆடும். தேர்ச்சி, தோல்வி என்று மட்டும் குறிக்காமல் லெவலை 1 டிபியாக இறக்கி, வரம்பைத் தாண்டும் இடத்தை எழுதி வைப்பதே உருப்படியான பதிவு. தினமும் காலையில் ஒரே கோல்டன் போனை (ஒப்பிடுவதற்கென்று வைத்திருக்கும் நல்ல போன்) இப்படி அளந்து, நேற்றைய இடத்திலிருந்து 1 டிபிக்கு மேல் நகர்ந்திருந்தால் முதலில் கேபிளை மாற்றுங்கள்.

3ஜியில் வழிமுறை இதேதான். 12.2 கிலோபிட் சேனல், பட்டை 1இல் −106.7 டிபிஎம், வரம்பு 0.1 சதவீதம், போன் முழு பவரில் இருக்க வேண்டும். எல்டிஇயில் பி.இ.ஆர். கேட்பதில்லை, த்ரூபுட் 95 சதவீதம் வந்தால் போதும். கேபிளும் சப்ளையும் அங்கேயும் இதே வேலையைக் காட்டும்.