ஆறு மார்கழி போட்டுப் பார்த்த குளிர் உடைகள்

சென்னையில் உட்கார்ந்துகொண்டு குளிர்கால சைக்கிள் உடை பற்றி எழுதினால் சிரிப்பு வரும். சிரித்துக்கொள்ளுங்கள். மார்கழி உச்சத்திலும் இங்கே விடியற்காலையில் 20 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். அதற்கே எங்கள் தெருவில் வாக்கிங் போகிற பாதிப் பேர் தலையில் குரங்கு குல்லா, வாட்ச்மேன் கழுத்தில் மப்ளர். ஆனால் நான் டிசம்பரிலோ ஜனவரியிலோ சைக்கிளை ரயிலில் போட்டுக்கொண்டு மேட்டுப்பாளையம் இறங்கி, கோத்தகிரி வழியாக ஊட்டிக்கு மிதிக்கிற ஆள். 2018 டிசம்பரில் ஆரம்பித்தேன். 2020 மட்டும் விட்டுப்போனது. ஆறு குளிர்காலத்தில் வாங்கியது, வீணானது, இன்னும் அலமாரியில் இருப்பது எல்லாவற்றையும் கணக்கெடுத்துச் சொல்கிறேன்.

முதல் தடவை நான் போனது பருத்தி டி-ஷர்ட், அதன்மேல் பஞ்சு அடைத்த தடிமனான ஜாக்கெட். பைக் ஓட்டுகிறவர்கள் போடுவது மாதிரி. "ஊட்டிக்குப் போறே, மார்ல குளிர் அடிச்சா அவ்ளோதான்" என்று அத்தை தன் கம்பளிச் சால்வையை வேறு பையில் திணித்தார். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர், முழுக்க ஏற்றம். நாலாவது வளைவிலேயே முதுகில் தண்ணீர் ஓட ஆரம்பித்துவிட்டது. ஜாக்கெட்டைக் கழற்றினால் வைக்க இடமில்லை, இடுப்பில் கட்டினால் சக்கரத்தில் மாட்டும். அதனால் ஜிப்பை மட்டும் இறக்கிவிட்டு அப்படியே ஏறினேன். ஊட்டி போய்ச் சேர்ந்தபோது டி-ஷர்ட்டைப் பிழிந்தால் சொட்டும்.

மறுநாள் காலை ஆறரைக்கு அதே ஈர டி-ஷர்ட். லாட்ஜ் அறையில் எங்கே காயும்? வாசலில் நின்ற கார்களின் கூரையெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி உறைபனி. தொட்டபெட்டா பிரிவு வரை ஏற்றம் என்பதால் ஒன்றும் தெரியவில்லை. அதைத் தாண்டிச் சரிவு ஆரம்பித்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, எனக்கு நடுக்கம் எடுத்தது. நான் நடுங்க, கைப்பிடி நடுங்க, முன்சக்கரமே ஆட ஆரம்பித்தது. பிரேக்கைப் பிடிக்கிறேனா இல்லையா என்று விரலுக்குத் தெரியவில்லை. கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். வழியில் ஒரு டீக்கடை வந்ததோ, பிழைத்தேனோ. கடைக்காரர் என் உதட்டைப் பார்த்துவிட்டு, கேட்காமலே இரண்டு டீ போட்டார். "ஒண்ணு குடிக்க, ஒண்ணு கையில புடிச்சுக்கம்மா" என்றார். புறப்படும்போது பழைய தினத்தந்தி நாலு தாளை மடித்துக் கொடுத்து, "நெஞ்சுல வச்சு மேல சட்டைய மூடிக்க" என்றார். அன்றைக்கு எனக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய ஜாக்கெட் செய்யாததை அந்த நாலு தாள் செய்தது.

பின்னால்தான் தெரிந்தது, அது அவர் கண்டுபிடிப்பு இல்லை. ஐரோப்பாவின் மலைப் பந்தயங்களில் உச்சியில் நிற்கிற ரசிகர்கள் நீட்டும் செய்தித்தாளை வாங்கி ஜெர்சிக்குள் செருகிக்கொண்டு இறங்குவது பழைய பழக்கம். 1988 ஜூன் 5 அன்று இத்தாலியச் சுற்றுப்பந்தயம் கவியா கணவாயைக் கடந்தது. ஏறத்தாழ நம் தொட்டபெட்டா உயரம். ஜூன் மாதத்தில் பனி கொட்டியது. கனத்த கையுறையும் கம்பளித் தொப்பியும் தயாராக வைத்திருந்த அமெரிக்கர் ஆண்டி ஹாம்ப்ஸ்டன் அன்றைக்கு, பந்தயத்தில் முன்னிலையில் இருப்பவர் அணிகிற இளஞ்சிவப்புச் சட்டையைப் பிடித்தார். கடைசியில் பந்தயத்தையும் ஜெயித்தார். ஏறுகிறபோது அல்ல, இறங்குகிறபோது உதறியதால்தான் பல பேர் அன்று பின்தங்கினார்கள்.

மேட்டுப்பாளையம் சுமார் 300 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்று ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும். ஆக கீழே 20 என்றால் மேலே 7, 8. அதுகூடப் பரவாயில்லை. 5 டிகிரி காற்றில் 40 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால் தோலுக்கு அது மைனஸ் 1 மாதிரி உறைக்கும் என்கிறது வானிலைக்காரர்களின் கணக்கு. உடம்பு காய்ந்திருந்தால்தான் அந்தக் கணக்கு. ஈரத்தோடு இறங்கினால் கணக்கே வேறு. எனவே உடையில் நான் இப்போது பார்ப்பது இரண்டே: ஏறும்போது வியர்வை எங்கே போகும், இறங்கும்போது காற்று எங்கே நுழையும். தடிமனை நான் பார்ப்பதே இல்லை.

வியர்வைக்கு உள்சட்டை. சாதாரண அறைக்காற்றிலேயே பருத்தி தன் எடையில் எட்டு சதவீதத்துக்கு மேல் ஈரம் பிடித்து வைத்திருக்கும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட இல்லை. திருப்பூரிலிருந்து வருகிற எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் கடையில் முழுக்கை பாலியஸ்டர் பனியன் ஒன்று, உடம்போடு ஒட்டி நிற்கிற வலைப்பின்னல் துணி, முந்நூற்றைம்பது ரூபாய்க்கு 2019-ல் எடுத்தேன். ஆறு வருஷமாகக் கிழியவில்லை, தொய்யவில்லை. ஒரே குறை நாற்றம். இரண்டாம் நாள் ரயிலில் பக்கத்து சீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்துவிடுகிற அளவுக்கு.

அதற்காகத்தான் மெரினோ கம்பளியில் ஒன்று வாங்கினேன். விலை பத்து மடங்கு. கம்பளி பருத்தியைவிட அதிகமாகவே, 16 சதவீதம் வரை, ஈரத்தை இழுக்கும். ஆனால் இழைக்குள் வைத்துக்கொள்ளும், தோலில் சில்லென்று ஒட்டாது. மூன்று நாள் தொடர்ந்து போட்டாலும் வாடை இல்லை. ஊட்டியில் அதைவிடச் சுகமான துணி நான் போட்டதில்லை. சென்னைக்குத்தான் அது ஆகாது. வருஷத்தில் பதினோரு மாதம் அலமாரியில் கிடந்ததில் பூச்சி அரித்து, மூன்றாம் வருஷம் எடுத்தபோது அக்குளில் நாலு ஓட்டை. "பட்டுப்புடவைக்கு வேப்பிலை வைக்கிறே, இதுக்கு வைக்கலையா?" என்று அத்தை கேட்டார். நியாயமான கேள்வி. இப்போது காய்ந்த வேப்பிலையோடு ஜிப் கவரில் போட்டு வைக்கிறேன், புது ஓட்டை விழவில்லை.

இந்தத் துணிகளைத் துவைக்கும்போது வாசனைக்கு ஊற்றுகிற கண்டிஷனரைத் தொடாதீர்கள். இழைமேல் மெழுகு பூசின மாதிரி படிந்து, வியர்வையை உறிஞ்சிப் பரப்புகிற வேலையையே கெடுத்துவிடும். ஒரு நல்ல ஜெர்சி எனக்கு அப்படித்தான் பாழானது.

காற்றுக்கு என்னிடம் உள்ளது கையில்லாத விண்ட் வெஸ்ட். எல்லாவற்றிலும் பெரிய லாபம் இதுதான். மடித்தால் ஒரு மாம்பழ அளவு, எடை நூறு கிராம் சொச்சம், ஜெர்சியின் பின்பாக்கெட்டில் அடங்கும். நெஞ்சுப் பக்கம் காற்று புகாத துணி, முதுகில் வெறும் வலை. அந்த நாலு தாள் செய்தித்தாளுக்கு ஜிப் வைத்துத் தைத்தால் என்னவோ அதேதான். ஏறும்போது பாக்கெட்டில் கிடக்கும். உச்சியில், நின்று மூச்சு வாங்குவதற்கு முன்பாகவே, போட்டுக்கொள்ள வேண்டும். உடம்பில் சூடு இருக்கும்போதே மூடினால்தான் பிரயோஜனம். டீ குடித்து, போட்டோ எடுத்து, குளிர ஆரம்பித்த பிறகு போட்டால் குளிரைத்தான் உள்ளே வைத்துப் பூட்டுகிறோம். ஜிப் இரண்டாவது வருஷம் பல் விட்டது. தி.நகரில் ஒரு டெய்லர் எண்பது ரூபாய்க்கு மாற்றிக் கொடுத்தார். இழுப்பானில் கயிறு கட்டித் தரச் சொன்னேன், கையுறையோடு பிடிக்க.

ரெயின் ஜாக்கெட் கதை சோகம். நல்ல கம்பெனி, நல்ல விலை, உள்ளே வெள்ளைப் பூச்சு. மூன்று தடவைதான் போட்டிருப்பேன். நாலாவது வருஷம் பிரித்தபோது உள்பக்கம் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு, இழுத்தால் பால் ஆடை மாதிரி உரிந்து வந்தது. அந்தப் பூச்சு பாலியூரிதேன். சூடும் ஈரப்பதமும் சேர்ந்தால், போட்டாலும் போடாவிட்டாலும், தானாகவே சிதைந்துபோகும். சென்னை அலமாரியில் இரண்டுக்கும் பஞ்சமா? வாங்கிய கடையில் "யூஸ் பண்ணாம வெச்சிருந்தா நாங்க என்ன மேடம் பண்றது" என்றார்கள். இனிமேல் இந்த ஊரில் இருந்துகொண்டு மழை ஜாக்கெட்டில் பெரிய பணம் போடுவதாக இல்லை. மலிவானதை வாங்கி, மடிக்காமல் காற்றாட ஹேங்கரில் தொங்கவிட்டிருக்கிறேன்.

விரல்தான் எனக்கு இன்னும் தீராத தலைவலி. உடம்பு குளிரை உணர்ந்ததும் முதலில் கைகால் முனைகளுக்குப் போகிற ரத்தத்தைத்தான் குறைக்கும். அதனால் விரலுக்கு உறை போட்டால் மட்டும் போதாது, நெஞ்சும் மணிக்கட்டும் சூடாக இருக்க வேண்டும். ஆர்ம் வார்மர், அதாவது கைக்கு மட்டும் தனியாக மாட்டுகிற முழுக்கை உறை, போட ஆரம்பித்த பிறகே என் கையுறை வேலை செய்தது. எங்கள் குழுவில் மூத்தவர், ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், எல்லாரும் சார் என்றுதான் கூப்பிடுவோம், மெடிக்கல் ஷாப் நைட்ரைல் கையுறையை உள்ளே மாட்டிக்கொள்வார். அரை மணி நேரம் அருமையாக இருக்கும். பிறகு வியர்வை உள்ளேயே தேங்கி, விரல் வெந்த உருளைக்கிழங்கு மாதிரி ஊறிவிடும். கோத்தகிரி வரை இறங்க அது போதும், அதற்குமேல் தாங்காது.

காலுக்குத் தடிமனான சாக்ஸ் போட்டுப் பார்த்தேன். ஷூ இறுகி ரத்த ஓட்டம் குறைந்து, மெல்லிய சாக்ஸைவிட அதிகமாகக் குளிர்ந்தது. இப்போது மெல்லிய சாக்ஸ், விரல்முனையில் கழுவிக் காயவைத்த ஆவின் அரை லிட்டர் பாக்கெட், அதற்குமேல் ஷூ. நடந்தால் சரக் சரக் என்று சத்தம் வரும். லாட்ஜில் ஷூவைக் கழற்றும்போது பச்சை நிறத்தில் ஆவின் எட்டிப் பார்க்கும். யாராவது பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும்.

தலைக்குக் குரங்கு குல்லா ஹெல்மெட்டுக்குள் போகவே போகாது. உச்சியிலுள்ள குஞ்சம் இடிக்கும், காதோரம் மடிந்து குத்தும். டெகாத்லானில் கிடைக்கிற குழாய் மாதிரித் துணி ஒன்று கழுத்துக்கு, அதையே இழுத்தால் காதுக்கு, மூக்கு ஒழுகினால் துடைக்கவும் அதுதான். வேறு எதுவும் வேண்டாம்.

பெண்களுக்காக ஒரு வரி. தோளில் மாட்டுகிற வாரோடு வருகிற பிப் ஷார்ட்ஸ் குளிருக்கு நல்லது, இடுப்பு திறக்காது என்று எல்லாரும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் மலைப்பாதையில் ஒதுங்குவதற்கு இடம் தேடுவதே பெரும்பாடு. அதில் ஜெர்சி, வெஸ்ட், எல்லாவற்றையும் கழற்றி அந்தக் குளிரில் நின்று பாருங்கள். நான் இடுப்பு ஷார்ட்ஸுக்கே திரும்பிவிட்டேன், முழங்காலுக்குத் தனி வார்மர். முழங்காலில் சதையே கிடையாது, காற்று நேரே எலும்பில் அடிக்கும்.

வெளிநாட்டுக்காரர்கள் போடுகிற 'இத்தனை டிகிரிக்கு இந்த உடை' பட்டியலை அப்படியே நம்ப வேண்டாம். மே மாதம் 40 டிகிரியில் வெந்த உடம்பு நம்முடையது. அவர்கள் 10 டிகிரிக்குச் சொல்வதை நான் 15-லேயே போட்டுக்கொள்கிறேன். இது என் கணக்கு. வேறொருவருக்கு வேறு மாதிரி இருக்கலாம்.

ஊருக்குள் இதில் முக்கால்வாசி தேவையே இல்லை. மார்கழியில் ஐந்து மணிக்குத் திருவான்மியூரிலிருந்து ஈ.சி.ஆரில் கிளம்பினால் முதல் பத்து நிமிடம் லேசாக உடம்பு சிலிர்க்கும். சிலிர்க்க வேண்டும். வாசலிலேயே இதமாக இருந்தால் அதிகமாகப் போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். உத்தண்டி டோல்கேட் வருவதற்குள் வேர்த்துவிடும். ஆர்ம் வார்மர் மட்டும் போதும், முட்டுக்காடு பாலத்தில் கழிமுகக் காற்று அடிக்கிற வரை வைத்திருந்து பிறகு மணிக்கட்டுக்கு இறக்கிவிடலாம். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். ஈ.சி.ஆரில் என்னைத் துளைத்தது இரண்டும் இல்லை, ஐப்பசி மழைதான். நவம்பரில் தொப்பலாக நனைந்து கடல்காற்றில் மகாபலிபுரத்திலிருந்து திரும்பியபோது 24 டிகிரியிலும் பல் அடித்தது. அன்றைக்கும் அந்த விண்ட் வெஸ்ட்தான். நனைந்த துணிக்கு மேலேயே போட்டேன், கேளம்பாக்கம் பிரிவு வருவதற்குள் நடுக்கம் நின்றது. போகி அன்று மட்டும் நான் கிளம்புவதில்லை; அந்தப் புகைக்குள் எந்த ஒளிரும் பட்டையும் லாரிக்காரர் கண்ணுக்குத் தெரியாது.

இந்த வருஷம் பைக்குள் போகப் போவது: திருப்பூர் பனியன், ஓட்டை தைத்த மெரினோ, வெஸ்ட், இரண்டு ஜோடி கையுறை, நாலு ஆவின் பாக்கெட். ஆர்ம் வார்மரின் எலாஸ்டிக் தொய்ந்துபோய், அதே டெய்லரிடம் மாற்றினேன். வலது கை சரியாக நிற்கிறது. இடது இன்னும் வழுக்குகிறது. மறுபடி கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.