பழைய டீசல் லோரிக்கு எந்தக் கூலண்ட்: தண்ணீரா, பச்சையா, சிவப்பா?

பட்டர்வொர்த்துக்கும் கோலாலம்பூருக்கும் இடையே சரக்கு ஏற்றி ஓடும் என் பழைய லோரியின் ரேடியேட்டரைப் பிறையில் உள்ள ஒரு பட்டறையில் வடித்தபோது, தே தாரிக் நிறத்தில் துருநீர் கொட்டியது. குற்றம் என்னுடையதுதான், பல ஆண்டுகளாகக் குழாய்த் தண்ணீரையே ஊற்றி வந்தேன். கழுவிய பிறகு எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டாக எதை நிரப்புவது என்று கேட்டதற்கு மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள்: துருத்தடுப்பு மருந்து கலந்த தண்ணீர், பச்சைக் கூலண்டுடன் துணைச் சேர்மானம், நீண்டகாலச் சிவப்புக் கூலண்ட். நிறம் வெறும் சாயம் என்பதால் அதை வைத்து எதையும் தீர்மானிக்க இயலாது. இங்கே நான் பச்சை, சிவப்பு என்பது பட்டறை வழக்கை ஒட்டியே.

தண்ணீரை ஆதரிப்பவர்களின் வாதத்தை முற்றாகத் தள்ளிவிட முடியாது. நம் நாட்டில் உறைபனி இல்லை. மேலும் ஒரு கிலோ தண்ணீரின் வெப்பநிலை ஒரு பாகை உயர 4.18 கிலோஜூல் தேவைப்பட, கூலண்டின் அடிப்படைப் பொருளான எத்திலீன் கிளைக்காலைப் பாதிக்குப் பாதி கலந்த திரவத்துக்கு ஏறத்தாழ 3.4 போதும் என்பதால், வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீரே வலியது. ஆனால் ஏறத்தாழ ஒரு பார் அழுத்த மூடியின் கீழ் தண்ணீர் 120 பாகை செல்சியஸில் கொதித்துவிட, அந்தக் கலவை 129 வரை தாங்கும். முழுச் சுமையோடு ஈப்போ அருகே மெனோரா சுரங்கப்பாதை ஏற்றத்தில் ஊர்ந்தவர்களுக்கு அந்த ஒன்பது பாகையின் அருமை தெரியும். சுத்திகரித்த குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரைடு உலோகத்தை அரிக்கும் என்பதும், மலிவான துருத்தடுப்புப் போத்தல்கள் பலவற்றில் நைட்ரைட் இருக்காது என்பதும் மற்ற குறைகள்.

நைட்ரைட்டை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே எஞ்சினைப் பிரித்தபோது போர்மன் ஒரு லைனரை, அதாவது பிஸ்டன் உள்ளே ஓடும் இரும்புக் குழலை, என் கையில் கொடுத்து, அதன் வெளிப்புறத்தில் விரலை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். ஊசியால் குத்தியதுபோல் ஒரே பக்கத்தில் வரிசையாகக் குழிகள். ஒன்றில் மறுபுற வெளிச்சமே தெரிந்தது. பிஸ்டன் ஒவ்வொரு முறையும் ஒரு பக்கமாக மோதும்போது லைனர் அதிர்கிறது. அந்த அதிர்வில் அதை ஒட்டியுள்ள திரவத்தில் நீராவிக் குமிழ்கள் தோன்றி வெடித்து, இரும்பைத் துளித்துளியாகப் பெயர்த்துவிடுகின்றன. நைட்ரைட் லைனரின் மேல் மெல்லிய ஆக்சைடு படலத்தை உருவாக்கி அந்த அடியைத் தாங்கிக்கொள்கிறது. கம்மின்ஸ் என்டி855 போன்ற, லைனரை நேரடியாகத் தண்ணீர் சூழும் எஞ்சின்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. கம்மின்ஸ் 6பிடி எஞ்சினில் தனி லைனர் இல்லை. அதற்காக லைனர் இல்லாதவை எல்லாம் தப்பித்தன என்றும் சொல்வதற்கில்லை, ஏனெனில் லைனரே இல்லாத 7.3 லிட்டர் இன்டர்நேஷனல் டீசல் இந்த நோய்க்குப் பெயர்பெற்றது.

பச்சையை எடுத்தால், கார்களுக்கு விற்கும் பச்சையை வாங்கிவிடக் கூடாது. அதில் சிலிகேட் மிகுதி. அதனுடன் எஸ்சிஏ என்று போத்தலில் அச்சிடப்படும், நைட்ரைட் போன்ற காப்பு மருந்துகள் அடங்கிய துணைச் சேர்மானத்தையும் ஊற்றினால் சிலிகேட் பிரிந்து, பச்சைக் கூழாக ரேடியேட்டர் குழாய்களை அடைத்துவிடும். போத்தலில் ஏஎஸ்டிஎம் டி4985 என்ற தர எண்ணைக் குறித்திருந்தால் சிலிகேட் குறைந்த கனரக வகை, அதில் தொடக்கத்திலேயே எஸ்சிஏ சேர்க்க வேண்டும். டி6210 என்றிருந்தால் தேவையான மருந்து ஏற்கெனவே கலந்திருக்கிறது, மீண்டும் ஊற்றுவது வீண்செலவோடு தீங்கும்கூட. நைட்ரைட் சுமார் 800 பிபிஎம்முக்குக் (பத்து லட்சத்தில் 800 பங்கு) கீழே இறங்காமல் சோதனைத் தாளால் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தக் கண்காணிப்புதான் பச்சையின் உண்மையான விலை.

சிவப்பு வகையில் கரிம அமிலங்கள் காப்பு வேலையைச் செய்கின்றன. அவை மெதுவாகவே தேய்வதால் பல ஆண்டுகள் தாங்கும். அடிக்கடி மருந்து ஊற்றும் வேலையும் இல்லை. புதிய எஞ்சினாக இருந்தால் யோசிக்காமல் இதையே எடுத்திருப்பேன். ஆனால் வேறு கூலண்ட் கலந்துவிட்டால் அந்த நீண்ட ஆயுள் குறைந்துவிடும். மருந்து அடங்கிய கூலண்ட் ஃபில்டர் உள்ள எஞ்சினில் அதை மாற்றி மருந்தில்லாத ஃபில்டர் பொருத்த வேண்டும். என் லோரி மாதம் ஒரு லிட்டராவது எங்கோ ஒழுகவிடுகிறது. செம்பு ரேடியேட்டரின் ஈயப் பற்றவைப்புகளும் பழையவை. ஒழுகும் வண்டிக்கு ஐந்தாண்டுத் திரவம் வாங்குவது ஓட்டைக் குடத்துக்குப் பன்னீர் ஊற்றுவதற்கு ஒப்பாகும். ஆகவே நான் டி4985 பச்சையையும் எஸ்சிஏவையும் தேர்ந்தெடுத்தேன்.

கழுவும் மருந்திலும் தேர்வு உண்டு. துருவுக்கும் சுண்ணப் படிவுக்கும் சிட்ரிக் அமிலம் ஏற்றது. எண்ணெய் கலந்திருந்தால் அமிலம் பயனளிக்காது, காரவகைக் கழுவியே வேண்டும். சமையல் காடி வேலை செய்யும் என்றாலும், அலசுவதில் அலட்சியமாக இருந்தால் அலுமினியப் பாகங்கள் பாழாகும். எஞ்சின் சூடாகும்வரை திரவம் ரேடியேட்டருக்குப் போகாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டை அலசும்போது மட்டும் கழற்றலாம். சில பட்டறைகளைப் போல நிரந்தரமாகக் கழற்றிவிடுவது எஞ்சினை உரிய சூட்டுக்கு வரவிடாது.

அடர்கூலண்டா, பாதிக்குப் பாதி நீர் கலந்து வைத்ததா என்பதில் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். என் வண்டியின் கொள்ளளவு 24 லிட்டர். வடித்த பிறகும் எஞ்சினுக்குள் சுமார் 6 லிட்டர் தண்ணீர் தங்குகிறது. கலந்து வைத்ததை 18 லிட்டர் ஊற்றினால் கிளைக்கால் 37.5 விழுக்காடுதான் நிற்கும். எனவே 12 லிட்டர் அடர்கூலண்டை முதலில் ஊற்றி, மீதியைக் காய்ச்சி வடித்த நீரால் நிரப்பினோம். கலந்து வைத்ததை வாங்கியது இருக்கையின் பின்னால் வைக்கும் 5 லிட்டர் போத்தலுக்கு மட்டுமே. நெடுஞ்சாலை ஓய்விடக் குழாயை யாரும் தேடிப் போகாதிருக்க, அந்தப் போத்தலின் மேல் தடித்த மையில் லோரியின் எண்ணை எழுதி வைத்திருக்கிறேன்.