மெக்கானம் சில்லும் கல்லடி மணலும்

அக்கரைப்பற்றில் மாணவர் குழுவொன்றை ரொபோ போட்டிக்குத் தயார்படுத்தும் நண்பர் ஒருவர், விளிம்பில் சாய்ந்த உருளைகள் பூட்டிய, பக்கவாட்டிலும் ஓடக்கூடிய மெக்கானம் சில்லுகளின் விலை இறங்கியிருப்பதைக் கண்டு, வாங்கலாமா என்று கேட்டிருந்தார். 60 மில்லிமீற்றர் விட்டமுள்ள பிளாஸ்ரிக் மெக்கானம் சில்லுத் தொகுதியொன்றை எங்கள் மாணவர்கள் பல போட்டிகளுக்குப் பாவித்து, இப்போதும் பாவித்து வருகிறார்கள். அதன் உருளைகளை இந்தக் கிழமை மறுபடியும் ஒவ்வொன்றாகத் துப்புரவாக்கிய கையோடு இதை எழுதுகிறேன். எரிச்சல் சற்றுத் தூக்கலாகத் தெரிந்தால் நண்பர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். 2022 இல் டொலர் 200 ரூபாவளவிலிருந்து 360 ரூபாவளவுக்கு ஏறிய காலத்தில் வாங்கிய பொருள் இது. அந்த விலை கொடுத்தும் நட்டப்பட்டோம் என்று எனக்குத் தோன்றியதில்லை. சில்லின் விளிம்பைச் சுற்றி 45 பாகை சாய்வில் பூட்டப்பட்ட உருளைகள் தரையின் விசையைத் தம் அச்சின் வழியே மட்டும் ஏற்பதால், நான்கு சில்லுகளும் எந்தெந்தப் பக்கம் சுழல்கின்றன என்பதைப் பொறுத்து, ரொபோ முகத்தைத் திருப்பாமலே முன்னால், பக்கவாட்டில், மூலைவாட்டில் என்று நகர்கிறது. உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கும் மாணவியொருவர், ஒவ்வொரு சில்லுக்கும் பக்கத்தில் வெண்கட்டியால் அம்புக்குறி இட்டு, விசை இணைகர விதிப்படி அவற்றைக் கூட்டி, ஆளியைப் போடுமுன்பே ரொபோ எந்தப் பக்கம் போகும் என்று சொன்னார், அப்படியே போனது. பருமனும் திசையும் கொண்ட காவிகளைப் பற்றி நான் கரும்பலகையில் எழுதிய எதுவும் அந்த அளவுக்கு எடுபட்டதில்லை.

இனி மணலுக்கு வருகிறேன். சுவீடன் நாட்டவரான பெங்க்ட் இலோன் உருவாக்கி 1975 இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற இந்தச் சில்லு, இன்று மழமழப்பான தொழிற்சாலைத் தளங்களில் பாரம் சுமக்கும் வண்டிகளில் நன்றாகவே உழைக்கிறது. எங்கள் தளமோ கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் மட்டக்களப்புக் கல்லடியில், பிள்ளைகளின் சப்பாத்தோடு முற்றத்து மணல் உள்ளே வருகின்ற, வெடிப்பு விழுந்த சீமெந்துத் தரை. தும்புத்தடியால் எவ்வளவு கூட்டினாலும் கண்ணுக்குத் தெரியாத பொடிமணல் மிஞ்சுகிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் கூட்டி முடிக்குமுன்பே அடுத்த படை வந்துவிடுகிறது. அந்தப் பொடி, உருளையின் இரு முனைகளிலும் உள்ள மயிரிழை இடைவெளிக்குள் புகுந்து, உப்புக் காற்றில் துருப்பிடிக்கத் தொடங்கியிருக்கும், உருளைக்கு அச்சாக உள்ள மெல்லிய இரும்பு ஊசியோடு சேர்ந்து இறுகிக்கொள்கிறது.

ஓர் உருளை இறுகினால் என்ன ஆகும் என்பதை நண்பர் கவனத்தில் கொள்ள வேண்டும். நேராக ஓடும்போது பெரிதாக ஒன்றும் தெரியாது. பக்கவாட்டில் நகரும்போதுதான், சில்லு ஒரு சுற்றுச் சுற்றி அந்த உருளை தரையைத் தொடும் ஒவ்வொரு முறையும், ரொபோ ஒரு வெட்டு வெட்டிக் கோணிப் போகிறது. நிரலில் பிழை தேடி மாணவர்கள் ஒரு பிற்பகலையே கழிப்பார்கள். குற்றவாளி மண்ணாங்கட்டி அளவுகூட இல்லாத ஒரு மணல். தையல் மெசின் எண்ணெய் விட்டால் சரியாகுமென்று யாராவது சொன்னால் நம்பக் கூடாது. எண்ணெய் மணலை ஈர்த்துப் பசையாக்குவதோடு, உருளையின் இறப்பரில் பட்டால் பிடிமானத்தையும் கெடுத்துவிடும். பழைய பல்தூரிகையால் தட்டி, ஊசியின் முனையில் பென்சில் கரியைத் தூளாக்கித் தூவி, இறப்பரை மட்டும் ஐசோபுறப்பைல் அற்ககோலில் நனைத்த துணியால் துடைப்பதே நாங்கள் கண்ட வழி. நான்கு சில்லுகளுக்கும் இதைச் செய்து முடிக்கையில் பொழுது சாய்ந்துவிடும்.

மற்றக் குறைகள் எல்லோரும் அறிந்தவை. நான்கு மோட்டர்களையும் தனித்தனியே இயக்க வேண்டியிருப்பதால் இரண்டிரண்டு மோட்டர்களை இயக்கும் எல்298என் என்ற மின்சுற்றுப் பலகை இரண்டு வேண்டும். அது ஏறத்தாழ 2 வோற்றைத் தானே விழுங்கிவிடும். மலிவான மஞ்சள் மோட்டர்கள் ஒன்றைப்போல் ஒன்று ஓடுவதில்லை. சுழற்சியை எண்ணும் உணரி இல்லாவிட்டால் பக்கவாட்டு ஓட்டம் எப்போதும் கொஞ்சம் சரிந்தே இருக்கும். தரை மேடுபள்ளமாக இருந்து ஒரு சில்லு தூக்கினால் கணக்கெல்லாம் போச்சு. தள்ளும் போட்டியென்றால் இன்னொன்றும் உண்டு: வழுக்கத் தொடங்கும் எல்லையில், அதே எடையும் அதே இறப்பரும் கொண்ட சாதாரணச் சில்லு தரும் முன்தள்ளலில் ஏறத்தாழ 70 வீதம்தான் இதற்குக் கிடைக்கும், 45 பாகைச் சாய்வுக்குக் கொடுக்கும் விலை அது.

நண்பரின் குழு இறங்கப்போவது தரையில் இட்ட கோட்டைத் தொடர்ந்து ஓடும் போட்டியில் என்று தெரிகிறது. அதற்குப் பக்கவாட்டு ஓட்டமே தேவையில்லை. மஞ்சள் மோட்டரோடு சேர்ந்து வரும் 65 மில்லிமீற்றர் இறப்பர்ச் சில்லு இரண்டும், முன்னால் எப்பக்கமும் உருளும் ஒரு குண்டுச் சில்லும் போதும். ஒரு சுற்றுக்கு 204 மில்லிமீற்றரளவு ஓடும், ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தால் வேலை முடிந்தது. விலை இன்னும் பாதியாக இறங்கினாலும் மெக்கானம் வாங்க வேண்டாம் என்பதே என் முடிவு. அதையும் மீறி வாங்குவதாயின், பொதியைப் பிரித்ததும் இடச்சாய்வில் இரண்டும் வலச்சாய்வில் இரண்டும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளவும். நான்கும் ஒரே சாய்வில் வந்தால் பக்கவாட்டு ஓட்டம் கைகூடாது. எங்களுடையதை இரவலாகக் கேட்கும் எண்ணம் இருந்தால் அதை இப்போதே கைவிட்டுவிடுவது நல்லது. அடுத்த மாதப் பயிற்சிக்கு அது எங்களுக்கு வேண்டும்.