பஞ்சிகாவத்தையில செய்விச்ச லான்சர் தண்ணிக் குழாய், எட்டு மாசம் ஓடின பிறகு

கொழும்பின்ர கார் சாமான் கடைப் பக்கமான பஞ்சிகாவத்தையில, பேர்ப்பலகையே இல்லாத ஒரு லேத் (கடைசல்) பட்டறைக்கு ரிவியூ எழுதுறது கொஞ்சம் பகிடிதான், ஆனா பழைய கார் வச்சுக்கொண்டு இதே வியாதியோட அலையிற ஆக்கள் கொழும்பில நிறைய இருப்பீங்கள், அதால எழுதுறன்.

என்ர கார் 98 மிட்சுபிஷி லான்சர், சீகே2 மொடல், 4ஜி15 எஞ்சின். இன்னும் ஏன் அதைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறாய் எண்டு கேக்காதேங்கோ, 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டி தனியார் காருக்குத் திரும்ப விட்டது 2025 பெப்ரவரியில, அதுக்குள்ள விலை போன போக்கைப் பாத்த பிறகு ஓடுற காரை விக்க மனம் வரேல்லை, இப்ப மனம் வந்தாலும் வேற வாங்கக் காசு வராது.

வியாதி என்னெண்டா ரேடியேட்டர் தண்ணி குறையுது. முதல்ல கிழமைக்கு ஒரு போத்தல், பிறகு ரெண்டு நாளைக்கு ஒருக்கா, கடைசியில காலமை எழும்பி பல்லு தீட்டிறதுக்கு முதல் காருக்குத் தண்ணி வாக்கிற நிலைமை. வெள்ளவத்தையில எங்கட ஃபிளாட் வாச்சர் ஐயாதான் கீழ கிடந்த ஈரத்தைக் கண்டுபிடிச்சவர், "தம்பி உங்கட கார் ராவு ராவா மூத்திரம் பெய்யுது" எண்டார். மெக்கானிக் பாத்திட்டு வோட்டர் பம்ப் எண்டு சொன்னார், மாத்தினம். பம்ப் புதுசு, ஒழுக்கு பழசு. (பழைய பம்பை எறியாம டிக்கியில போட்டு வச்சன், அது பிறகு எனக்கு எவ்வளவு உதவினது எண்டு சொல்றன்.)

ரெண்டாந்தரம் வேற கராஜுக்குப் போனன். அங்க ரேடியேட்டர் மூடிய கழட்டிப்போட்டு அந்த வாயில கைப் பம்பை மாட்டி காத்தடிச்சு, டோர்ச்சும் கண்ணாடித் துண்டும் வச்சுத் தேடினாங்கள். எஞ்சினுக்குப் பின்னால, கையே போகாத இடத்தில, பம்புக்குத் தண்ணி கொண்டு போற இரும்புக் குழாய் ஒண்டு இருக்கு, ஒரு முனை ஓ-ரிங் எண்ட ரப்பர் வளையத்தோட பம்புக்குள்ள செருகி நிக்கும் மற்ற முனையில ஹோஸ், அந்தக் குழாய் உள்ளுக்குள்ளயே துருப்பிடிச்சு நடுவில ஊசி ஓட்டை. குற்றம் எனக்கும் முதல் வச்சிருந்த ஆளுக்கும்தான், ரெண்டு பேரும் வருசக்கணக்கா பைப் தண்ணிதான் ஊத்தினம். கொழும்பில தண்ணி உறையவா போகுது கூலன்ட் என்னத்துக்கு எண்டு நானே கதைச்சிருக்கிறன். கூலன்ட்டில துருப்பிடிக்காம இருக்கிற மருந்தும் கலந்திருக்கு, பைப் தண்ணியில அது இல்லை, அதை இருபத்தஞ்சு வருசம் கழிச்சுத்தான் விளங்கிக்கொண்டன்.

இன்னொண்டு, டாஷ்போர்டில சூடு காட்டுற ஹீட் முள்ளை நம்பி இருக்காதேங்கோ. தண்ணி நல்லா இறங்கிட்டா சென்சர் தண்ணிக்குள்ள இல்லாம காத்தில நிக்கும், முள்ளு ஒண்டும் நடக்காத மாதிரி நடுவில நிக்கும், எஞ்சினுக்கு மேல இருக்கிற அலுமினிய ஹெட் வளைஞ்ச பிறகுதான் விசயம் தெரியும்.

குழாய் தேடி பஞ்சிகாவத்தையில ரெண்டு நாள் அலைஞ்சன். பார்ட் நம்பரைக் காட்டின உடன ஒரு ஸ்பெயார் பார்ட்ஸ் கடை நானா (முஸ்லிம் கடைக்காரர்) சிரிச்சார், "தம்பி இது இனி வராது, கம்பெனியில நிப்பாட்டிட்டான், பழசு ஒண்டு ஈக்கி, பாக்கிறியா?" எண்டு ஜப்பானில இருந்து வந்த பழைய சாமான் ஒண்டை எடுத்துத் தந்தார், உள்ளுக்கு விரலை விட்டுப் பாத்தா துரு சிம்பு சிம்பா வருது. அதுவும் என்ர காரோட ஒண்டாப் பிறந்ததுதானே, அதுக்கும் அந்த வயசுதான். அடுத்த கடையில மலேசியா புரோட்டான் வீராவின்ர குழாய் இருந்தது, அந்தக் காருக்கும் இதே 4ஜி15 போட்டிருக்கிறாங்கள், நல்ல யோசனைதான், ஆனா பழசோட சேத்துப் பிடிச்சுப் பாத்தா ஹீட்டருக்குப் போற கிளை திரும்பின பக்கம் வேற. ஒழுக்கடைக்கிற பவுடர் போடு எண்டவையும் இருக்கினம், மஞ்சள் தூள் போடு எண்டவையும் இருக்கினம். ஊசி ஓட்டையை அடைக்கிற சாமான் ரேடியேட்டரின்ர மெல்லிய குழாய்களையும் அடைக்கும், அதால ரெண்டுக்கும் கும்பிடு போட்டன். உங்கட ஒழுக்கு ஹீட்டர் கோர் (காருக்குள்ள சூடு குடுக்கிற குட்டி ரேடியேட்டர்) எண்டா மட்டும் கவலை இல்லை, ரெண்டு ஹோஸையும் ஒண்டாச் சேத்து சுத்திவிட்டா காணும் (அடைச்சு விடாதேங்கோ, சில எஞ்சினுக்கு அந்த ஓட்டம் வேணும்), நுவரெலியாவுக்குப் போனால் ஒழிய ஆர் இங்க ஹீட்டர் போடுறது.

கடைசியில அந்த நானாதான் ஒழுங்கை ஒண்டைக் காட்டி உள்ளுக்க ஒரு லேத் இருக்கு போய்ப் பாரு எண்டார். சங்கராஜ மாவத்தைப் பக்கம், கார் விட இடமே இல்லை, கார் எனக்கு கராஜில கழட்டிக் கிடந்ததால வெள்ளவத்தையில இருந்து மருதானைக்கு கோச்சியில போனன், துருப்பிடிச்ச குழாயை ஷொப்பிங் பேக்கில வச்சுக்கொண்டு.

இனித்தான் உண்மையான ரிவியூ. லேத் பாஸ் (மேசன் மாதிரி, வேலை தெரிஞ்ச தலை ஆள்) பாதி சிங்களம் பாதி தமிழ் கதைப்பார், அதிகம் கதைக்கவும் மாட்டார். ஓட்டையை மட்டும் ஒட்டித் தாங்கோ எண்டு கேட்டன், சுத்தியலின்ர பின்பக்கத்தால லேசாத் தட்டிக் காட்டினார், பக்கத்தில இன்னொரு ஓட்டை விழுந்திட்டுது. ஒட்டினா இருநூறு ரூபா வேலை, அடுத்த மாசம் திரும்ப வருவாய், புதுசாச் செய்வம் எண்டார். காசு வரக்கூடிய வேலையைத் தள்ளிவிடுற ஆள் இல்லை, ஆனா பொய் வேலையும் செய்யிற ஆள் இல்லை எண்டு அங்கதான் எனக்குப் பிடிச்சது. பிறகு ஒரே கேள்வி, "பம்ப் எங்க?" குழாய் செருகிற துளையை அளக்காம ஓ-ரிங் காடி வெட்டமாட்டாராம், அரை நூல் பிழைச்சாலும் ஒழுகும். அப்பதான் டிக்கியில கிடந்த பழைய பம்ப் ஞாபகம் வந்தது, தேவையில்லாம மாத்தின பம்பே அளவுக் கோலாப் போச்சு.

304 ஸ்டெயின்லெஸ் குழாயில செய்தார். ஹோஸ் மாட்டிற வாயில சின்ன மேடு ஒண்டு எழுப்பினவர், அது இல்லாட்டி கிளிப்பை எவ்வளவு இறுக்கினாலும் பிரஷருக்கு ஹோஸ் வழுக்கிக் கழண்டு போகும். ரேடியேட்டர் மூடி 0.9 பார் எண்டா தண்ணி 118 பாகை மட்டுக்கும் கொதிக்காம நிக்கும், அந்த அழுத்தம் முழுக்க இந்த வாய்களிலதான் நிக்கிறது. முடிச்ச பிறகு எல்லா வாயையும் அடைச்சு, காத்து விட்டு, பீப்பாத் தண்ணிக்குள்ள அமுக்கிப் பிடிச்சு எனக்கே காட்டினார், ஒரு குமிழி வரேல்லை.

குறையும் இருக்கு. புதன்கிழமை எண்டு சொன்னது சனிக்கிழமைதான் கிடைச்சது, ஃபோன் எடுக்கவே மாட்டார். பில் கிடையாது. எஞ்சினில பிடிக்கிற பிராக்கெட்டின்ர துளை பிழைச்சு, கராஜில ஃபைல் போட்டுத்தான் பூட்டினது. முக்கியமா ஓ-ரிங் விசயத்தில கவனமா இருங்கோ, லேத்தில நிண்ட பெடியன் ஒருத்தன் டப்பாவில கிடந்த ஏதோ கறுப்பு வளையத்தை எடுத்து கிரீஸ் பூசப் போனான். கூலன்ட்டுக்கு ஈபிடிஎம் ரப்பர்தான் சரி, அதுக்கு கிரீஸோ எண்ணெயோ பட்டா ஊதிப்போகும், சவர்க்காரத் தண்ணி தொட்டுச் செருகினாக் காணும். நான் ஓ-ரிங்கை வெளியில 350 ரூபாவுக்கு வேற வாங்கிக் குடுத்தன்.

குழாய்க்கு 13,500, கழட்டிப் பூட்ட கராஜுக்கு 11,000, கூலன்ட் வேற. மலிவெண்டு சொல்லமாட்டன், தேவையில்லாத பம்புக்குப் போன காசை நினைச்சா இன்னும் வயித்தெரிச்சல்.

எட்டு மாசமாச்சு. சித்திரைப் புதுவருச நெரிசலில ஏசியும் போட்டுக்கொண்டு கடுகண்ணாவ ஏத்தத்தில ஊர்ந்து ஏறினது, யாழ்ப்பாணம் போய் வந்தது, ரிசேர்வ் டாங்கில கோடு அதே இடத்தில நிக்குது. வாச்சர் ஐயா மட்டும் இன்னும் பழக்கத்தில காலமை குனிஞ்சு காருக்குக் கீழ பாக்கிறார்.

சீகே லான்சர் வச்சிருக்கிற ஆக்களுக்கு ஒரு விசயம், பாஸ் என்ர குழாயின்ர அளவு முழுக்க லேத்துக்குப் பின்னால சுவரில சோக்கால எழுதி வச்சிருக்கிறார். நீங்கள் பம்ப் கொண்டுபோகத் தேவையில்லை, ஆனா ஆரும் சுவருக்கு வெள்ளை அடிக்க முதல் போங்கோ.