இடது காலில் ஆதாம், வலது காலில் கடவுள்: 14 மாத அனுபவம்

போன வருடம் ஆடித் தள்ளுபடியில் ஆன்லைனில் வாங்கிய வெள்ளை கேன்வாஸ் ஸ்னீக்கர், 2,400 ரூபாய். இடது ஷூவின் முன்பக்கம் ஆதாமின் கை. வலதில் கடவுளின் கையும் தாடி வைத்த முகமும். காலைச் சேர்த்து நின்றால் இரண்டு விரல்களும் தொட்டும் தொடாமலும் நிற்கும். மைக்கேலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை வத்திக்கானில் சிஸ்டைன் தேவாலய விதானத்தில் தீட்டிய ஓவியங்களில் ஒன்று. ஊரே அண்ணாந்து பார்ப்பதை நான் குனிந்து பார்த்தேன்.

வீட்டில் முதல் நாளே பஞ்சாயத்து. "யாருடா இந்தத் தாத்தா?" என்றார் அம்மா. சொன்னேன். "எந்தச் சாமியா இருந்தா என்ன, கால்ல போடுவியா?" அன்றிலிருந்து வாசலில் கிடக்கும் வலது ஷூவை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிடுவார். எனக்கும் உள்ளூர உறுத்தல்தான். அடுத்த முறை வெறும் பூவேலைப்பாடு போதும்.

சரி, உழைப்புக்கு வருவோம். வாரம் மூன்று நாள் சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காட்டு மலைக்கு பைக்கில் போகிறேன். 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் கியரைக் குறைக்க வேண்டும், தாண்டியதும் ஏற்ற வேண்டும். என் வண்டியில் குதிகாலால் மிதிக்கும் லீவர் கிடையாது. ஷூ நுனியை அடியில் விட்டுத் தூக்கித்தான் கியர் ஏற்ற வேண்டும். நான்காவது மாதமே ஆதாமின் சுட்டுவிரல் வெளுத்தது. ஏழாவது மாதம் மணிக்கட்டு வரை உரிந்து, தோசைக்கல்லில் காய்ந்த மாவு மாதிரி ஓரமெல்லாம் செதில் செதிலாக எழும்பிவிட்டது. வலது காலுக்கு பிரேக் மிதிக்கிற வேலை மட்டும்தான், அதனால் கடவுள் பத்திரம். விரல் மடங்குகிற இடத்தில் தாடிக்குக் குறுக்கே ஒரு வெடிப்பு, அவ்வளவுதான்.

படம் துணியில் ஊறிய சாயம் இல்லை, சூட்டில் ஒட்டிய மெல்லிய படலம் என்பது உரிந்தபோதுதான் தெரிந்தது. அசல் ஓவியம் ஈரச் சுண்ணாம்புப் பூச்சின்மேல் தீட்டியது. பூச்சு காயக் காய நிறமும் இறுகிச் சுவரோடு சுவராகிவிடும். 500 வருடம் தாங்கியது அதனால்தான்.

படலத்தால் ஒரு லாபமும் உண்டு. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் தட்டுவடை செட் சாப்பிடும்போது சிவப்புச் சட்னியும் பீட்ரூட் துருவலும் ஷூவில் கொட்டிவிட்டன. படத்தின்மேல் விழுந்தது ஈரத்துணியால் துடைத்ததுமே போய்விட்டது. பக்கத்தில் வெறும் கேன்வாஸில் விழுந்த துளி, எத்தனை சோப்பு போட்டும் ரோஸ் நிறத்தில் இன்னும் இருக்கிறது. ஏற்காட்டுச் செம்மண்ணும் அப்படித்தான், துணியில்தான் பிடிக்கிறது.

சோல் பரவாயில்லை, பிளக்கவில்லை. மழை நாளில் மட்டும் ஏற்காட்டில் பகோடா பாயிண்ட் பாறையில் ஏறாதீர்கள், வழுக்கும். உள்ளே இருக்கும் மெத்தை ஆறு மாதத்தில் அப்பளமாகிவிட்டது, வேறு போட்டுக்கொண்டேன்.

விற்றவர்களுக்கு போட்டோ அனுப்பினேன். "சாதாரணத் தேய்மானம்" என்று ஒரு வரியில் பதில் வந்தது. கியர் லீவருக்கு ரப்பர் உறை ஐம்பது ரூபாய்க்குக் கிடைக்கிறது. நான் எட்டாவது மாதம் மாட்டினேன். நீங்கள் ஷூ வந்த அன்றே மாட்டிவிடுங்கள்.